40 மில்லி ஆயில் அளந்து ஊற்றியும் பிரஷ் கட்டர் இன்ஜின் இறுகி சீஸ் ஆகிவிட்டது. தவறு எங்கே?

ஆனைமலைத் தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். களைக்கொல்லி அடிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தோளில் மாட்டி வெட்டும், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் 43 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்தான் தோப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் அது சீஸ் ஆகிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டதும் வரப்பெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல். பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் மெஷினை எடுத்தேன். முதல் டேங்க் நன்றாகவே ஓடியது. கேனில் மிச்சம் இருந்ததிலிருந்து ஊற்றி மறுபடி ஆரம்பித்தேன். பத்து நிமிடம் இருக்கும், சத்தம் மெலிந்தது. வழக்கமான கரகரப்பு போய், கொசு கத்துவது போல ஒரு இழுப்பு. புல் அடர்த்தியாக இருப்பதால் என்று நினைத்து ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் பாறையில் கட்டியது போல அசையவே இல்லை. அரை மணி நேரம் ஆறிய பிறகு கயிறு வந்தது, ஆனால் இழுவையில் கனமே இல்லை.

ஊர் மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. "ஆயில் பத்தலைங்க, இனிமே லிட்டருக்கு அறுபது ஊத்துங்க" என்றார். ஆனால் ஆயில் கலந்தது நான்தான். மாட்டுக்கு ஊசி போடும் 20 மில்லி சிரிஞ்சில் இரண்டு முறை உறிஞ்சி, லிட்டருக்கு 40 மில்லி என்று சொட்டுக் குறையாமல் ஊற்றினேன். மெஷினோடு வந்த புத்தகத்திலும் 25:1, அதாவது 25 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் ஆயில் கணக்கு என்றுதான் போட்டிருக்கிறது.

உடுமலையில் என் மச்சான் ஒரு செயின் சா வைத்திருக்கிறார். அவர் லிட்டருக்கு 20 மில்லிதான் ஊற்றுகிறார், ஆறு வருடமாக ஒரு குறையும் இல்லை. அப்படியானால் யார் சொல்வது சரி? 20, 40, 60 இதில் எது? ஆயில் எது வாங்குவது? இப்போது பெட்ரோல் பங்கில் வரும் எத்தனால் பெட்ரோலை இந்தச் சின்ன இன்ஜின்கள் தாங்குமா? புது போர் கிட் (சிலிண்டர், பிஸ்டன் செட்) மாட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். மறுபடி அதே தவறு செய்ய மனம் இல்லை.

வால்பாறை எஸ்டேட்:

அண்ணா, உங்கள் மச்சான் சொல்வதும் சரி, புத்தகத்தில் இருப்பதும் சரி. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 40:1 என்றால் 25. 25:1 என்றால் 40. அந்தந்த மெஷினுக்கு அந்தந்தக் கணக்கு. எங்களிடம் புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் 50:1 என்பதைப் பார்த்து லிட்டருக்கு 50 மில்லி ஊற்றிவிட்டார். இரண்டு நாளில் சைலன்சர் ஜாலியில் தார் போல அடைத்துக்கொண்டது.

அப்புறம், வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் மெஷின் டூ ஸ்ட்ரோக்தானா என்று முதலில் பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களும் நிறைய ஓடுகின்றன. அதில் இன்ஜின் ஆயில் தனியாக 100 மில்லி, பெட்ரோலில் எதுவும் கலக்கக் கூடாது. பிரஷ் கட்டரில் பெட்ரோல் மூடியைத் தவிர இன்ஜின் ஆயிலுக்கென்று இன்னொரு மூடி இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக்.

பழைய ஸ்கூட்டர் பட்டறை:

தம்பி, போர் கிட் வாங்க அவசரப்படாதீர்கள். காரணம் தெரியாமல் புதுசை மாட்டினால் அதுவும் போகும். நான் முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன். சேட்டக், லாம்பி, டிவிஎஸ் 50 என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளில்தான் என் கை பழகியது. அந்த வண்டிகள் குறைந்த பிறகு, கடைசிப் பத்து வருடம் மருந்தடிக்கும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும்தான் வந்துகொண்டிருந்தன. சீஸ் ஆன பிஸ்டனைக் கையில் வாங்கினால் அது தானே பேசும். அதனால் நான் கேட்பதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பிஸ்டனில் கோடு எந்தப் பக்கம்? சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்து மற்ற இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் குறையவில்லை, பெட்ரோல் குறைந்து காற்று கூடிப்போய்ச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். கார்ப்பரேட்டர் பக்கம் மட்டும் மணல் காகிதத்தால் தேய்த்தது போல மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. சுற்றிலும் எல்லாப் பக்கமும் கீறி, விரலால் தடவினால் காய்ந்து கிடந்தால் மட்டும்தான் ஆயில் வந்து சேரவில்லை என்று சொல்ல வேண்டும்.

அடுத்தது, அந்தப் பெட்ரோலை எப்போது கலந்தீர்கள்? எதில் வைத்திருந்தீர்கள்? கேனில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் கொட்டிவிடாதீர்கள். கேனை ஆட்டாமல் அப்படியே ஒரு கண்ணாடி பாட்டிலில் முழுவதையும் ஊற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

அறுபது ஊற்றச் சொன்னதை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். கூட ஊற்றினால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கார்ப்பரேட்டர் ஜெட்டின் ஓட்டை அதே அளவுதான். அதன் வழியே ஆயில் கூடப் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது. காற்று குறைவதில்லை. அதனால் எரிவது லீனாகி இன்ஜின் சூடுதான் ஏறும். அதோடு பிளக்கில் கரி, ரிங் காடியில் கரி, சைலன்சரில் கரி.

ஆனைமலைத் தோப்பு:

ஐயா, நீங்கள் கேட்டதால்தான் பார்த்தேன். இல்லையென்றால் அந்தக் கேனை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

பிஸ்டன் சுற்றிலும் கீறியிருக்கிறது. கார்ப்பரேட்டர் பக்கமும் உண்டு. துணியால் துடைத்தால் துணியில் எண்ணெய் ஒட்டவே இல்லை.

பெட்ரோல் கலந்தது புரட்டாசியில், மழைக்கு முன்னால். நான்கு லிட்டர் கலந்து இரண்டு லிட்டர் அப்போதே ஓட்டிவிட்டேன். மிச்சம் இரண்டு லிட்டர் மோட்டார் ரூமில் பிளாஸ்டிக் கேனில் இருந்தது. மூடியில் ஒரு விரிசல் உண்டு. அங்கே ஷீட் ஒழுகும். கேன் இருந்த இடம் நனைந்திருந்ததைப் பொங்கலன்றே பார்த்தேன், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேனில் கால் லிட்டர் அளவுக்கு மிச்சம் இருந்தது. ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தேன். அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மேலே அரை விரல் உயரத்துக்குப் பச்சை நிறம், அது ஆயிலின் நிறம். அதற்குக் கீழே மூன்று விரல் உயரத்துக்கு நிறமே இல்லாமல், லேசாகக் கலங்கிய தண்ணீர் போல ஒன்று. நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்கிறது. இது என்ன ஐயா? முழுக்கத் தண்ணீரா?

ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதிரி பாகம் விற்கும் ஒரு கடையில் லூஸ் ஆயில் வாங்கினேன். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். என்ன கிரேடு என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

பழைய ஸ்கூட்டர் பட்டறை:

அந்த நிறமில்லாத அடி மட்டம்தான் உங்கள் மெஷினைக் கொன்றது. அது முழுத் தண்ணீர் இல்லை. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தது.

இதை விவரமாகவே சொல்கிறேன். சேட்டக் காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் அது தனியாக அடியில் குண்டு குண்டாக நிற்கும். கார்ப்பரேட்டர் கப்பைக் கழற்றி ஊதிவிட்டால் வண்டி ஓடும். ஆயில் பெட்ரோலோடுதான் இருக்கும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் ஆரம்பித்தார்கள், 2025-இல் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் தண்ணீர் வந்தால் தனக்குள் இழுத்துக் கரைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து மொத்தமாக அடியில் இறங்கிவிடும். லிட்டருக்கு இரண்டு மூன்று மூடித் தண்ணீர் விழுந்தாலே போதும், பிரிந்துவிடும். நீங்கள் ஊற்றிய ஆயில் எத்தனாலோடு போகாது. பெட்ரோலோடு மேலேயே நின்றுவிடும்.

இப்போது உங்கள் கதையை ஒட்டிப் பாருங்கள். முதல் டேங்குக்கு ஊற்றியது கேனின் மேல்மட்டம், ஆயில் இருந்த பெட்ரோல். அது ஓடியது. இரண்டாவது டேங்கில் அடிமட்டம் வந்தது. டேங்குக்குள் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஃபில்டர் குண்டு தொங்குகிறதே, அதுவும் அடியில்தான் கிடக்கும். ஆயிலே இல்லாத சரக்கை அது உறிஞ்சிக் கொடுத்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் சேம்பர் கிடையாது. கிராங்க் பேரிங், பிஸ்டன், சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பெட்ரோலோடு போகும் ஆயில்தான் உயிர். அது நின்றால் சில நிமிடம்தான். சத்தம் மெலிந்து கொசு போல இழுத்தது என்றீர்களே, அதுதான் அது கேட்ட கடைசி உதவி. இனி எப்போது அந்தச் சத்தம் வந்தாலும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு சுவிட்சை அணையுங்கள்.

உங்கள் ஊர் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி. ஆயில் பத்தவில்லைதான். ஆனால் நீங்கள் குறைவாக ஊற்றியதால் இல்லை. கேனை நன்றாகக் குலுக்கியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. குலுக்கினால் கலந்தது போலத் தெரியும், மெஷின் தோளில் ஏறி முதல் வரப்பு முடிவதற்குள் மறுபடி பிரிந்துவிடும். பிரிந்ததைக் கொட்ட வேண்டியதுதான்.

தண்ணீர் விழாவிட்டாலும் இந்தப் பெட்ரோலில் ஒரு சங்கடம் உண்டு. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கார்ப்பரேட்டரை வெறும் பெட்ரோலுக்கு வைத்து அனுப்பியிருப்பார்கள். அதில் இருபது சதவீத எத்தனால் போனால் காற்று மிஞ்சி லீனாக ஓடும், சூடு கூடும். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற மெஷின் கம்பெனிகளின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றே இருக்கிறது. அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவை வைக்கும் ஹெச் ஸ்க்ரூ திருப்ப முடிகிற கார்ப்பரேட்டராக இருந்தால், பழகிய மெக்கானிக்கை வைத்துக் கொஞ்சம் ரிச் ஆக்குங்கள், அதாவது பெட்ரோலைக் கூட்டுங்கள். முழு ஆக்சிலேட்டரில் காற்றில் ஓடும்போது சுத்தமாகக் கீச்சென்று கத்தக் கூடாது. லேசாகத் தடதடக்க வேண்டும். புல்லில் வைத்ததும் அந்தத் தடதடப்பு நின்று சத்தம் தெளிய வேண்டும். என் காதுக்கு அதுதான் சரியான அளவு. அதோடு கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வும் பெட்ரோல் டியூபும் எத்தனாலில் சீக்கிரம் விறைத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை டியூபை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆயிலுக்கு வருவோம். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். பின்பக்கம் ஜாசோ என்று ஜப்பான் தரம் போட்டிருக்கும். எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்று வரிசையாக ஏறும். எஃப்.சி. புகை குறைவு. எஃப்.டி. அதே புகைக் குறைவோடு கரியை இன்னும் நன்றாகக் கழுவும். உங்கள் மெஷினுக்கு எஃப்.டி., கிடைக்காவிட்டால் எஃப்.சி. பைக்குக்கு என்று விற்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலிலேயே எஃப்.சி., எஃப்.டி. தரம் கிடைக்கும், தாராளமாக ஊற்றலாம். அதற்கும் கீழே இருக்கும் பழைய தரத்தை இதில் ஊற்ற மாட்டேன். ஸ்கூட்டர் ஐயாயிரம் சுற்றில் காற்று வாங்கிக்கொண்டு போகும். பிரஷ் கட்டர் ஒரே இடத்தில் நின்று ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றும். செயின் சா பன்னிரண்டாயிரத்தையும் தாண்டும்.

அளவு? புத்தகம் 25:1 என்றால் 40 மில்லியே ஊற்றுங்கள். அந்த மெஷினின் ஜெட்டும் பேரிங்கும் அதை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். மச்சானின் செயின் சா 50:1-க்கு என்றே செய்தது. அவர் 20 ஊற்றட்டும். ஒருவர் கேனை இன்னொருவர் கடன் வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

பாம்பன் படகு:

நடுவில் ஒரு சந்தேகம். வீட்டில் படகின் அவுட்போர்டு இன்ஜினுக்கு வாங்கிய டிசி-டபிள்யூ3 ஆயில் நிறைய இருக்கிறது. விலையும் கூட. அதை வீட்டுத் தென்னைக்கு வைத்திருக்கும் புல் வெட்டும் மெஷினுக்கு ஊற்றலாமா?

பழைய ஸ்கூட்டர் பட்டறை:

வேண்டாம் தம்பி. அது நல்ல ஆயில், ஆனால் தண்ணீரில் குளிர்ந்து ஓடும் இன்ஜினுக்கு. கடல் தண்ணீர் உள்ளே சுற்றுவதால் அந்த சிலிண்டர் அவ்வளவு சூடாகாது. காற்றில் மட்டும் ஆறும் சின்ன சிலிண்டரின் சூட்டுக்கு அந்த ஆயிலைத் தயாரிக்கவில்லை. படகுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வால்பாறை எஸ்டேட்:

பெட்ரோல் பற்றி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். இங்கே வருடத்தில் பாதி நாள் மழையும் மூட்டமும். சாதாரணப் பெட்ரோல் கலந்து வைத்து இரண்டு செயின் சாவில் கார்ப்பரேட்டர் போயிற்று. இப்போது கோயம்புத்தூர் இறங்கும்போது 100 ஆக்டேன் பெட்ரோல் வாங்கி வருகிறோம். விலை சாதாரணப் பெட்ரோலை விட நிறையவே கூட. அதில் எத்தனால் இருக்கிறதா என்று நானே சோதித்தேன். அளவுக் கோடு போட்ட குப்பியில் 80 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர், குலுக்கி வைத்தேன். தண்ணீர்க் கோடு 20-லேயே நின்றது. அதே நாள் சாதாரணப் பெட்ரோலில் கோடு முப்பத்தைந்துக்கு ஏறிவிட்டது. ஏறிய அளவு எத்தனால். நீங்கள் வாங்கும் பங்கில் வாங்கி நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

சிலர் இப்படித் தண்ணீர் ஊற்றி எத்தனாலைக் கழுவி எடுத்துவிட்டு மேலே இருக்கும் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எத்தனால் போனால் ஆக்டேனும் இறங்குகிறது, ஈரமும் மிஞ்சுகிறது.

ஆனைமலைத் தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை ஐயாவுக்குத் தனியாக. ஒரே ஒரு கேள்வி மிச்சம். பங்கில் பாட்டிலில் பெட்ரோல் தரமாட்டேன் என்கிறார்கள். அதனால் பைக் டேங்கிலிருந்து டியூப் போட்டு எடுக்கிறேன். அதில் தவறு உண்டா? அப்புறம் மழைக்காலத்தில் மெஷினை எப்படி நிறுத்தி வைப்பது?

பழைய ஸ்கூட்டர் பட்டறை:

பைக்கிலிருந்து எடுக்கலாம், தினம் ஓடுகிற வண்டியாக இருந்தால். வாயால் உறிஞ்ச வேண்டாம். கையால் அமுக்கும் ரப்பர் பம்பு கடையில் கிடைக்கும். டேங்கின் அடியைத் தொடாமல் டியூபை வையுங்கள், மெல்லிய ஜாலி வைத்த புனலில் வடிகட்டுங்கள்.

ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல், மறுபடி குலுக்கல். மெஷின் டேங்குக்குள் நேராக ஆயில் ஊற்றக் கூடாது, அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வறண்ட காலத்தில் இறுக்கமான மூடி இருந்தால் ஒரு மாதம் வரை வைக்கலாம். மழைக்காலத்தில் பத்து நாள் வைப்பதற்கே எனக்கு மனம் வராது. மிஞ்சினால் பைக்கில் ஊற்றிவிடுங்கள், நிறையப் பெட்ரோலோடு அரை லிட்டர் கலந்தால் ஒன்றும் ஆகாது.

நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, ஸ்டார்ட் பண்ணித் தானே அணையும்வரை ஓட விடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி ஓட்டைக்குள் சுத்தமான 2டி ஆயில் ஐந்தாறு சொட்டு விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்து, பிளக்கை மாட்டிவிடுங்கள்.

புது போர் என்பதால் முதல் நாலைந்து டேங்க் தொடர்ந்து முழு ஆக்சிலேட்டரில் வெட்ட வேண்டாம். ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்கு முன்னால் பழைய டேங்கைக் கழுவி, உள்ளே தொங்கும் ஃபில்டர் குண்டையும் மாற்றச் சொல்லுங்கள். கிராங்க் பேரிங்கையும் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் இல்லாமல் ஓடியது அதையும் தொட்டிருக்கும்.

ஆனைமலைத் தோப்பு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை, தப்பித்தது. போர் கிட் 1,650, கூலி 600. டேங்கைக் கழுவியபோது அடியில் ஜவ்வு போல ஒரு படலம் வந்தது. மெக்கானிக்கிடம் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது அவர் பட்டறை ஜன்னலில் அது நிற்கிறது, சீஸ் ஆகி வரும் மெஷின்காரர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

எஃப்.டி. போட்ட டப்பா பொள்ளாச்சியில் கிடைத்தது. அதே சிரிஞ்ச், அதே 40 மில்லி, ஆனால் ஒரு முறைக்கு ஒரு லிட்டர் மட்டும். மூடிக்கு ரப்பர் வளையம் உள்ள இரும்பு கேன் வாங்கி, கலந்த தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதுகிறேன். நேற்றோடு ஐந்து டேங்க் முடிந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருக்கிறது. வடக்குப் பக்க வரப்பு மட்டும் பாக்கி, நாளைக் காலையில் முடித்துவிடுவேன்.